பெனால்ட்டியில் தோற்ற ராத்திரியும் அடுத்த சில நாட்களும்

மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்கிற அணியின் ரசிகன் எழுபதாவது நிமிடத்திலேயே மனதைத் தேற்றிக்கொள்வான். பாதிப் பேர் எழுந்து வீட்டுக்கே போய்விடுவார்கள். ஒரு கோலிலோ பெனால்ட்டியிலோ தோற்பது வேறு. ஜெயித்துவிடுவோம் என்ற நினைப்பில் உடம்பு முறுக்கேறி நிற்கும்போதே மேட்ச் முடிந்துவிடும். அந்த முறுக்கை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் கத்துவது, அழுவது, நாற்காலியை உதைப்பது, நடுராத்திரியில் வண்டியை முறுக்குவது எல்லாம் நடக்கிறது. 2022 டிசம்பர் 18 ராத்திரி புதுச்சேரியில் பிரான்ஸ் ஜெர்சி போட்டிருந்தவர்கள் இருந்த நிலை இதுதான். இந்திய நேரம் எட்டரைக்குத் தொடங்கிய கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டம், பிரான்சுக்கும் அர்ஜென்டினாவுக்கும், 120 நிமிடமும் ஓடி 3-3 என்று நின்றது. அதன்பின் இரு அணியும் மாறி மாறி அடித்த பெனால்ட்டியில் 4-2 என்று அர்ஜென்டினா கொண்டுபோனது.

வெளியூர்க்காரர்கள், "பிரான்ஸ் தோத்தா உங்களுக்கு என்னங்க?" என்று கேட்பார்கள். 1954 நவம்பர் 1-ல் இங்கே ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அண்ணன் பாரிசில், தம்பி முதலியார்பேட்டையில் என்றிருக்கும் வீட்டில் நீலச் சட்டை வேற்று நாட்டுச் சட்டை ஆகிவிடாது. இதே யூனியன் பிரதேசத்தின் மாஹேயில் இன்னொரு தீராத துக்கம், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸ். அதற்குப் பிறகு வருவோம்.

பத்துப் பேரிலிருந்து நூறு பேர் வரை ஒன்றாக உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் குழுக்களுக்காக எழுதுவது இது. தோல்வியை எப்படித் தாங்குவது என்பதில் பாதி, மேட்ச் தொடங்கும் முன் செய்கிற ஏற்பாட்டில் இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. நாக்-அவுட் ஆட்டம் என்றால் இரண்டு மணி நேரம் என்று ஹாலை வாங்கக் கூடாது. இடைவேளையும் இன்ஜுரி டைமும் சேர்த்து முதல் 90 நிமிட ஆட்டமே இரண்டு மணி நேரத்தை நெருங்கும். எக்ஸ்ட்ரா டைமுக்கு 40 நிமிடம், பெனால்ட்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரம். அதன்மேல் இன்னொரு அரை மணி கேட்டு வாங்குங்கள். தோற்ற கூட்டத்தை வாட்ச்மேன் விளக்கை அணைத்து வெளியே தள்ளுவதுபோல ஒரு கொடுமை கிடையாது. தெருவில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் சண்டை முளைக்கிறது.

ஒலிபெருக்கி விஷயத்தில் சட்டம் தெளிவு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது. எட்டரைக்குத் தொடங்கும் ஆட்டத்தில் பத்து மணி என்பது இரண்டாம் பாதியின் நடு. மொட்டை மாடி, தெருமுனை என்று திட்டமிட்டால் மிக முக்கியமான நேரத்தில் சத்தத்தை நிறுத்த வேண்டி வரும். கதவு சாத்தக்கூடிய ஹாலே நல்லது. டிசம்பரில் மொட்டை மாடி வேறு வகையிலும் ஆபத்து. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. மழை இல்லாவிட்டாலும் கடல்காற்றில் திரைத்துணி படபடக்கும், பந்து எங்கே போகிறது என்றே தெரியாது. மாடிதான் கதி என்றால் துணியை மேலே மட்டும் கட்டாமல் கீழ் ஓரத்திலும் ஒரு பைப்பைக் கோர்த்து, நான்கு மூலையையும் இழுத்துக் கட்ட வேண்டும்.

கரண்ட் போனால் புரொஜக்டர் மட்டும் அணைவதில்லை. செட்-டாப் பாக்ஸ் மறுபடி எழுந்து, சிக்னல் பிடித்து, படம் காட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் நான்கு பெனால்ட்டி முடிந்திருக்கும். 300 வாட் புரொஜக்டரையும் பாக்ஸையும் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி உள்ள வீட்டு இன்வர்ட்டர் தாராளமாகத் தாங்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யு.பி.எஸ். சில நிமிடம்தான் நிற்கும் என்றாலும், ஜெனரேட்டரைப் போடும்வரை பாக்ஸை உயிரோடு வைத்திருக்க அது போதும். ஆம்ப்ளிஃபயரை இதில் சேர்க்காதீர்கள். படம் இருந்தால் சத்தம் இல்லாமலும் பார்க்கலாம்.

ஒளிபரப்புத் தாமதம்தான் பலரும் யோசிக்காத விஷயம். கேபிளும் டி.டி.எச்.சும் மொபைல் ஆப்பும் ஒரே நொடியில் ஓடுவதில்லை. ஆப்பில் வருவது வழக்கமாகப் பல நொடிகள், சில நேரம் அரை நிமிடத்துக்கு மேலும் பின்தங்கும். பக்கத்துத் தெருவில் "ஐயோ" என்று எழும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நம் திரையில் ஆள் பெனால்ட்டி அடிக்க ஓடி வருவான். முடிவு தெரிந்துகொண்டே ஒரு பெனால்ட்டியைப் பார்ப்பது மிகவும் வலிக்கும். அதனால் ஆப்பை விட்டு டி.டி.எச். இணைப்பைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்ட்ரா டைம் தொடங்கியதும் எல்லோரும் போனில் டேட்டாவை அணைக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். ஸ்கோர் நோட்டிஃபிகேஷன் ஒருவர் பையில் அதிர்ந்தாலும் அறை முழுக்கக் கண்டுபிடித்துவிடும்.

உட்காரும் ஏற்பாட்டில் ஒரே விதி போதும். எதிரணி ரசிகர்கள் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மெஸ்ஸிக்காக அர்ஜென்டினா பக்கம் நிற்பவர்கள் ஏராளம். ஒரே வீட்டுக்குள்ளேயே மாமன் நீலம், மருமகன் நீலம்-வெள்ளை. சேர்ந்து பார்ப்பதில் தப்பில்லை. ஜெயித்தவர்கள் உடனே வெளியே போய் ஆசை தீரக் கத்திவிட்டு வர வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கதவு தோற்றவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்தால், கொண்டாட்டம் இவர்கள் மடிமேல் நடந்துதான் வெளியேறும்.

வயதானவர்களைப் பற்றி விளையாட்டாக இருக்கக் கூடாது. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் எடுத்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயம் சார்ந்த அவசர கேஸ்கள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு இருந்தன. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் இந்த உயர்வு இன்னும் அதிகம். சொல்தா தாத்தா ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கே போட்டுவிட்டாரா என்று கேட்க ஒரு பேரனைப் பொறுப்பாக்குங்கள். எக்ஸ்ட்ரா டைம் முன் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அவரை எழுப்பி நடக்க விடுங்கள், தண்ணீர் கொடுங்கள். நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, திடீர் வியர்வை என்றால் பெனால்ட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மேட்ச் பார்த்த படபடப்புதான் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

விசில் ஊதிய பிறகு

கடைசி பெனால்ட்டி உள்ளே போனதும் திரையை அணைக்காதீர்கள். சத்தத்தை மட்டும் குறையுங்கள். சிலருக்குக் கோப்பையைத் தூக்குவதுவரை பார்த்தால்தான் மனம் ஒப்புக்கொள்ளும். சிலர் திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும். டியூப்லைட் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடவும் வேண்டாம். அழுகிறவன் முகம் பத்துப் பேருக்கு நடுவே வெளிச்சத்தில் வருவதை எவனும் விரும்ப மாட்டான்.

பேச்சில் கவனம் தேவை. "வெறும் விளையாட்டுதானே, இதுக்குப் போயா" என்ற வாக்கியம் அந்த நேரத்தில் யாரையும் தேற்றியதில்லை. அவன் நான்கு வருடம் காத்திருந்ததை அது ஒன்றுமில்லை என்கிறது. "நான் அப்பவே சொன்னேன்" என்பது அதைவிட மோசம். "டேய் மச்சான், சாப்பிட்டியா? வா" என்பது வேலை செய்யும். பெரியவர்களிடம், "தாத்தா, தண்ணி குடிங்க. எண்பத்திரண்டாம் வருஷ மேட்ச் எப்படி இருந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டால் அவர்களே பேசத் தொடங்குவார்கள். எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்காருவதும் நல்ல காரியம்தான்.

சாப்பாட்டைப் பிந்திய நேரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கே பிரியாணியைப் பிரித்துவிட்டால் பதினொன்றரைக்கு எல்லோர் வயிறும் காலி, தலை சூடு. சூடான டீ, பிஸ்கட், வாழைப்பழம் கடைசிக்கென்று தனியாக இருக்கட்டும். இருபது பேருக்கு மூன்று லிட்டர் டீ இரண்டு ரவுண்டுக்கு வரும். டீ கையில் இருக்கிறவன் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காருவான். நமக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடம்தான்.

பந்தயம் கட்டியவர்கள் அன்று ராத்திரி கணக்குப் பார்க்கக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள். தோற்றவன் பிரியாணி வாங்கித் தருவதென்றால் அது வரும் ஞாயிற்றுக்கிழமை. பணம் வைத்துக் கட்டுவதை ஹாலுக்குள்ளேயே விடாதீர்கள். சட்டப் பிரச்சினை ஒரு பக்கம், நெருங்கிய ஆட்டத்தில் தோற்ற துக்கம் பணத் துக்கமாகத் திரிந்தால் நட்பே போய்விடும்.

பிறகு வீடு திரும்பும் வழி. கடலூரிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் பலர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டி மஞ்சக்குப்பம் போய்ச் சேர ஏறக்குறைய 25 கிலோமீட்டர். குடித்தவர் ஓட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் சட்ட வரம்பு, அதைத் தாண்ட அதிகம் தேவையில்லை. குடிக்காதவரும் தோற்ற உடனே ஓட்டக் கூடாது என்பதுதான் நாம் சேர்த்துச் சொல்வது. கண் ரோட்டில் இருக்கும், மனம் அந்த பெனால்ட்டியையே அடித்துக்கொண்டிருக்கும். அரை மணி உட்கார்ந்துவிட்டுக் கிளம்பட்டும். ஒரு பைக்கில் இரண்டு பேர், அதிகம் துவண்டவர் பின்னால். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். தங்க இடம் இருந்தால் பாயைப் போட்டுத் தங்க வைப்பதே உத்தமம்.

வாட்ஸ்அப் குரூப்பை அன்று ராத்திரி மூடிவிடுங்கள். குரூப் செட்டிங்கில் அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம் என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும். ராத்திரி ஒரு மணிக்கு எழுதுவதை யாரும் காலையில் தன் பெயரில் பார்க்க விரும்புவதில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த இறுதியாட்டத்துக்குப் பிறகு பிரான்ஸ் ஆட்டக்காரர்கள் கோமான், சுவாமெனி, கோலோ முவானி மூவரையும் நிறத்தைச் சொல்லி இணையத்தில் கேவலமாக ஏசினார்கள். அதற்கு முந்தைய வருடம் யூரோ என்ற ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் பெனால்ட்டி தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டு, சான்சோ, சாக்காவுக்கும் இதே கதி. நிறத்தை வைத்து ஏச்சு வாங்குவது என்னவென்று நம் ஊரிலிருந்து பிரான்ஸ் போனவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் குரூப்பில் அப்படி ஒரு வரி வந்தால் அழித்துவிட்டு, போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயம் அல்ல இது.

யாரால் தோற்றோம்?

மறுநாளோ அதற்கு மறுநாளோ, நாலைந்து பேர் கூடி ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். வலிக்கும். ஆனாலும் செய்யத் தகுந்த காரியம், ஏனென்றால் நினைவு நம்மை ஏமாற்றும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும்தான் மனதில் தங்கியிருக்கும், கடைசியாகப் பந்தைத் தொட்டவன் குற்றவாளி ஆகிவிடுவான். ஹைலைட்ஸ் பார்த்தால் இந்த ஏமாற்று இன்னும் மோசமாகும், அதில் கோல் மட்டும்தான் இருக்கும். முழு ஆட்டத்தின் பதிவை எடுத்து, மூன்று துண்டுகளை மட்டும் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி: வாய்ப்பு, தவறு, அதிர்ஷ்டம். ஒவ்வொரு வரியிலும் நிமிடத்தைக் குறிக்க வேண்டும்.

2022 ஆட்டத்தில் முதல் துண்டு 20-லிருந்து 45 வரை. பிரான்சின் டெம்பெலே அர்ஜென்டினாவின் டி மரியாவைத் தட்டிவிட்டதில் பெனால்ட்டி, 23-ம் நிமிடம் மெஸ்ஸி அடித்தார். 36-ல் டி மரியா இரண்டாவது கோல். 41-ல் பிரான்ஸ் பயிற்சியாளர் டெஷாம் இடைவேளைக்குக்கூடக் காத்திருக்காமல் ஜிரூ, டெம்பெலே இருவரையும் வெளியே எடுத்தார். முதல் பாதி முழுவதிலும் பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. தவறு என்ற பத்தி இங்கேயே நிரம்பிவிடும்.

இரண்டாவது துண்டு 75-லிருந்து 82. கோலோ முவானியை ஒட்டமெண்டி விழத்தட்டுகிறார், அதனால் கிடைத்த பெனால்ட்டியை 80-ல் எம்பாப்பே அடிக்கிறார். அடுத்த நிமிடமே கோமான் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறிக்கிறார். அது துராம் வழியாகச் சுற்றி எம்பாப்பேயிடம் போய் 2-2. இதை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். பெனால்ட்டியைத் தவறவிட்டதற்காக ஏச்சு வாங்கிய அதே கோமான் அன்று பந்தைப் பறிக்காமல் இருந்திருந்தால் பெனால்ட்டி சுற்றே வந்திருக்காது. 123-வது நிமிடத்தில் தனியாக நின்று அடித்த பந்தை அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸின் இடது காலில் அடித்துவிட்டார் என்று நாம் இன்றும் புலம்பும் கோலோ முவானிதான் முதல் பெனால்ட்டியை வாங்கித் தந்தவர். அரையிறுதியில் மொராக்கோவுக்கு எதிராக இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் கோல் போட்டவரும் அவரே. வெளியே அடித்த சுவாமெனி, காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் கோலைத் தூரத்திலிருந்து அடித்தவர். இந்த மூவரும் இல்லையென்றால் அன்று ராத்திரி நாம் கூடியிருக்கவே மாட்டோம். இதைப் பார்த்த பிறகும் ஒருவரால் அவர்களைத் திட்ட முடிந்தால், அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலிறுதியில் 84-ம் நிமிடம் ஹாரி கேன் பெனால்ட்டியைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார், பிரான்ஸ் 2-1 என்று தப்பியது. எட்டு நாள் முன்பு நமக்குக் கிடைத்த அந்த அதிர்ஷ்டத்தையும் மூன்றாவது பத்தியில் எழுத வேண்டும். நோட்டு நேர்மையாக இருந்தால்தான் பயன்.

மூன்றாவது துண்டு பெனால்ட்டி சுற்று. அதற்கு முன் ஒரு கணக்கு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அடிக்கும் பெனால்ட்டி ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் ஓர் அணி கோலாக்கும் வாய்ப்பு, முக்காலை ஐந்து முறை பெருக்கினால், நூற்றுக்கு 24-க்கும் கீழே. அதாவது யாராவது ஒருவர் தவறவிடுவது எதிர்பார்க்க வேண்டியதே. அடுத்து, சுவாமெனி அடிக்கும் முன் மார்டினெஸ் பந்தைத் தள்ளி எறிந்து அவரையே எடுக்கப் போக வைத்ததைக் கவனியுங்கள். 22 வயதுப் பையன், உலகமே பார்க்கிறது, தலை குனிந்து பந்தைத் தேடி நடக்கிறான். 2023-ல் விதியை மாற்றினார்கள். அடிப்பவரின் கவனத்தைக் கெடுக்கும்படி கீப்பர் தாமதம் செய்வதோ, கம்பத்தையும் வலையையும் தொடுவதோ கூடாது என்று இப்போது எழுதியே வைத்திருக்கிறார்கள். இதுவும் நோட்டில் வர வேண்டிய வரி.

ரெஃப்ரி மேல் கோபம் வந்தால், விதியைப் படித்த பிறகு கோபப்படுங்கள். அந்த ஆட்டத்துக்குப் பின் மறுபடி ஆட வேண்டும் என்று பிரான்சில் இணைய மனு ஒன்று கிளம்பி இரண்டு லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. எக்ஸ்ட்ரா டைமில் மெஸ்ஸி அடித்த அர்ஜென்டினாவின் மூன்றாவது கோல் கோட்டைத் தாண்டும்போது அர்ஜென்டினா பெஞ்சு ஆட்கள் மைதானத்துக்குள் கால் வைத்திருந்தார்கள், கோல் செல்லாது என்றும் ஒரு வாதம். ரெஃப்ரி மார்ச்சினியாக் செய்தியாளர்களிடம் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார்: எம்பாப்பே கோல் அடித்தபோது பிரான்ஸ் பெஞ்சு ஆட்கள் ஏழு பேர் உள்ளே நிற்கிறார்கள். வாதம் அதோடு படுத்துவிட்டது. நமக்கு எதிரான ஒரு தவறைக் கண்டுபிடித்தால், அதே தவறை நம் பக்கம் யாராவது செய்தார்களா என்று பதிவை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வாதம் நின்றால் அது நல்ல வாதம், தாராளமாகக் கத்தலாம்.

பெரியவர்களைப் பேச விடுங்கள்

இந்தத் துக்கத்துக்கு நல்ல மருந்து பழைய துக்கம். அதை நம் ஊரில் தேடி எங்கும் போக வேண்டாம். 1982 ஜூலை 8, செவில் நகரம், மேற்கு ஜெர்மனியோடு அரையிறுதி. எக்ஸ்ட்ரா டைமில் 3-1 என்று பிரான்ஸ் முன்னே. ரும்மெனிகேவும் ஃபிஷரும் சமன் செய்து 3-3. உலகக் கோப்பையின் முதல் பெனால்ட்டி சுற்று அதுதான், 5-4 என்று போனது. அதே ஆட்டத்தில் ஜெர்மன் கீப்பர் ஷூமாக்கர் மோதியதில் பிரான்சின் பாடிஸ்டோன் பல் உடைந்து மயங்கி விழுந்தார். ரெஃப்ரி ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்குப் பார்த்தவர்கள், அல்லது பிரான்சில் இருந்த உறவினர் கடிதத்தில் படித்தவர்கள், சொல்லச் சொல்லப் பையன்கள் தங்கள் தோல்வியை மறந்து கேட்பார்கள். கேட்டு முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: "தாத்தா, அப்புறம் எப்பிடி ஜெயிச்சோம்?" 1984 யூரோ என்று அவர் தொடங்குவார்.

ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்ற கதைகள் இன்னும் நல்லவை. 2000 யூரோ இறுதியில் இத்தாலி 1-0 என்று ஜெயித்துக்கொண்டிருந்தது. இன்ஜுரி டைமில் பிரான்சின் வில்டோர் சமன் செய்தார், 103-வது நிமிடத்தில் திரெசெகே கோல்டன் கோல் அடித்தார், அன்றைய விதிப்படி அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. ஆறு வருடம் கழித்து பெர்லினில், ஜிடான் 110-வது நிமிடம் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன இறுதியில், அதே திரெசெகே அடித்த பெனால்ட்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. இந்தமுறை சிரித்தது இத்தாலி. 2016 யூரோ இறுதியில் 92-வது நிமிடம் பிரான்சின் ஜினியாக் அடித்தது கம்பத்தில் பட்டது. 109-ல் எடெர் அடித்தார், போர்ச்சுகல் 1-0. இந்திய நேரம் அப்போது விடிகாலை மூன்று மணி.

மாஹே ஆட்களுக்கு இதற்கு நிகரான கணக்கு உண்டு. பிளாஸ்டர்ஸ் 2014 இறுதியில் இன்ஜுரி டைம் கோலில் 1-0. 2016-ல் சொந்த ஊர் கொச்சியில் பெனால்ட்டியில், அதுவும் ஒரு டிசம்பர் 18. 2022 மார்ச் 20-ல் கோவாவின் ஃபடோர்டாவில் 88-வது நிமிடம்வரை முன்னே இருந்து, பிறகு பெனால்ட்டியில் 3-1. அன்று மூன்று பெனால்ட்டியைத் தடுத்தவர் ஹைதராபாத் கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி. சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். 2015 இறுதியில், அதே ஃபடோர்டா மைதானத்தில், கோவா கீப்பராக 90-வது நிமிடம் பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டவர் அவர்தான். இரண்டு நிமிடத்தில் மென்டோசா அடித்து சென்னை 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. அன்று கோவா ரசிகர்கள் அந்த மனிதரை என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள்! ஆறு வருடம் கழித்து அதே புல்லில் அவர் நாயகன். ஒரு பெனால்ட்டியை வைத்து ஆளை முடித்துவைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டிய கதை இது.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் புரியவைப்பதைவிட மைதானத்துக்குக் கூட்டிப் போவது நல்லது. உப்பளம் பக்கமோ, கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானமோ, எதுவானாலும் சரி. தோற்ற மறுநாளே வேண்டாம், இரண்டு மூன்று நாள் போகட்டும். கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44, சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து மீட்டர் அகலத்தில் இரண்டு கம்பை நட்டு, மேலே கயிறு கட்டுங்கள். பெனால்ட்டி புள்ளி பெரியவர்களுக்கு 11 மீட்டர், சிறுவர்களுக்கு எட்டு போதும். சுண்ணாம்புத் தூளில் புள்ளி வையுங்கள். செருப்பை வைத்து அடையாளம் செய்தால் ஆளுக்கு ஆள் நகர்த்திவிடுவார்கள்.

முதலில் எல்லோரும் சும்மா ஆளுக்கு ஐந்து பெனால்ட்டி அடிக்கட்டும், எண்ணிக்கையை எழுதுங்கள். அடுத்து மைதானத்தை நான்கு சுற்று ஓட விடுங்கள். மூச்சு வாங்கும்போதே எல்லோரையும் நடு வட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொருவராகத் தனியாக நடந்து வந்து ஒரே ஒரு பெனால்ட்டி. பெரிய மைதானத்தில் நடு வட்டத்திலிருந்து புள்ளிக்கு 40 மீட்டருக்கு மேல், தனியாக நடந்தால் அரை நிமிடம் பிடிக்கும். மற்றவர்கள் பேசாமல் பார்க்க வேண்டும். முன்பு சிரித்துக்கொண்டே மூலையில் வைத்தவன் இப்போது கீப்பர் கைக்கு நேரே அடிப்பான், அல்லது வானத்துக்கு. ஏன் என்று அவனே சொல்வான்: கால் கனத்தது, எந்தப் பக்கம் அடிப்பது என்று நடந்து வரும்போது இரண்டு தடவை மாற்றினேன். பெனால்ட்டி அடிக்கிறவர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதுதான்: பக்கத்தை நடு வட்டத்திலேயே முடிவு செய், வழியில் மாற்றாதே, விசில் ஊதியதும் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஓடு. தவறவிட்டவனைக் கேலி செய்தால் அந்தப் பையன் அடுத்து கீப்பராக நிற்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள்.

அடுத்த மேட்சுக்குக் கூடுங்கள்

தோற்ற குழு பெரும்பாலும் அடுத்த பெரிய போட்டிவரை கலைந்துவிடும். அப்படி விடாதீர்கள். அணியின் அடுத்த ஆட்டம் சாதாரணத் தகுதிச்சுற்றாக இருந்தாலும், வசதியான நேரமாக இல்லாவிட்டாலும், ஒரு வீட்டு ஹாலிலாவது கூட வேண்டும். 2022 இறுதிக்குப் பிறகு பிரான்ஸ் ஆடிய முதல் ஆட்டம் 2023 மார்ச் 24, யூரோ தகுதிச்சுற்றில் நெதர்லாந்தோடு. நமக்கு சனிக்கிழமை விடிகாலை ஒன்றேகால். லொரிஸ், வரான் இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், எம்பாப்பே புதிய கேப்டன். க்ரீஸ்மான் இரண்டாவது நிமிடத்திலேயே கோல். முடிவு 4-0. இன்ஜுரி டைமில் நெதர்லாந்துக்குக் கிடைத்த பெனால்ட்டியை பிரான்ஸ் கீப்பர் மைக்ஞான் தடுத்தார். தூங்கிப்போனவர்கள் அதைக் காலையில் போனில்தான் பார்த்தார்கள்.

அதனால் இறுதியாட்டம் முடிந்த வாரமே அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்து, யார் வீடு, யார் டீ என்று பேசி வையுங்கள். புரொஜக்டர் வேண்டாம், டி.வி. போதும். இருபது பேர் வந்த இடத்தில் ஆறு பேர் வந்தாலும் நடத்துங்கள். போனமுறை அதிகம் அழுத பையனை முந்தின நாளே போன் செய்து கூப்பிட வேண்டும், ஜெர்சியைத் துவைத்து வைக்கச் சொல்லி.